பிள்ளை கேட்ட குளம்பொலி

 

நம் இல்லங்களில் தொலைக்காட்சியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கும். "அது ஷைத்தானின் பெட்டி, வீட்டுக்குள் விடவே கூடாது" என்பது ஒன்று. "பார்த்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?" என்பது மற்றொன்று. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு தொலைக்காட்சித் தொடரால் என் வீட்டில் விளைந்த துன்பத்தையும், அத்துன்பத்தின் வேர் அந்தத் தொடருக்குள் இல்லை என்பதை நான் கண்டுகொண்ட விதத்தையும் உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. எழுதுவதற்கு முன் என் மகனிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கள் அத்தா, யாருக்காவது பயன்படட்டும்" என்றான்.

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில், எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'தோல் ஷாப்' ஒன்றில், நான் கணக்கராக இருந்தேன். பச்சைத் தோல் வந்து இறங்கிய கணக்கு, உப்பும் சுண்ணாம்பும் வாங்கிய கணக்கு, ஆட்களின் வாரக்கூலி எல்லாம் என் பேனாவின் வழியாகத்தான் போகும். வீட்டில் என் தாயார், மனைவி, மூன்று பிள்ளைகள். இளைய மகனுக்கு அப்போது ஒன்பது வயது. நன்றாக ஓதுவான், நன்றாகப் படிப்பான், ஓயாமல் பேசுவான்.

வாரம் ஒருமுறை வந்த விருந்தாளி

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-இல். அதன் பின் நெடுங்காலம் நமக்குத் தூர்தர்ஷன் ஒன்றே கதி. 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. தொடங்கிய பிறகுதான் கேபிள் கம்பி தெருத்தெருவாக நுழைந்தது. எங்கள் தெருவில் முதலில் கேபிள் எடுத்த சில வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

அக்காலத்தில் வந்த தொடர்களில் மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது 'மர்மதேசம்'. இயக்குநர் கே. பாலசந்தரின் 'மின் பிம்பங்கள்' நிறுவனத் தயாரிப்பு அது. 'ரகசியம்' என்ற முதற்கதையும், அதனை அடுத்து வந்த 'விடாது கருப்பு' என்ற கதையும் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்களைத் தழுவியவை. நாகா என்பவர் அவற்றை இயக்கினார். மனித அறிவுக்கு எட்டாத ஒன்று நடக்கிறதா, அல்லது மனிதனே அதன் பின்னால் ஒளிந்திருக்கிறானா என்ற ஐயத்தில் பார்ப்பவரைக் கடைசி வரை தொங்கவிடுவதே இந்தக் கதைகளின் உத்தி.

'விடாது கருப்பு' ஒரு கிராமத்தின் கதை. அவ்வூரின் காவல் தெய்வம் கருப்பு. தவறு செய்பவரைக் கருப்பு விடாது, தேடி வந்து தண்டிக்கும் என்பது ஊராரின் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு ஏற்றாற்போல் அங்கே மரணங்கள் நிகழ்கின்றன. இருட்டு, மரங்களினூடே வீசும் காற்று, தொலைவிலிருந்து நெருங்கி வரும் குதிரையின் குளம்பொலி. காவல் தெய்வ வழிபாடு நம் அயல்வீட்டாரின் நம்பிக்கை. அதனை இழித்துரைப்பது நம் பண்பாடு அல்ல. நாங்களும் அதனைக் கதையாகவே பார்த்தோம். பார்த்தோம் என்று பன்மையில் சொல்கிறேன். என் தாயார் கூடத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே ஒரு கண்ணால் பார்ப்பார். இளைய மகன் என் மடியில் தலை வைத்துப் படுத்தபடி பார்ப்பான். குளம்பொலி கேட்டதும் என் கைலியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வான். நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

ஊரைக் கவ்விய இன்னொரு பயம்

அதே காலத்தில் எங்கள் வட்டாரம் முழுவதையும் வேறொரு பயம் பிடித்திருந்தது. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்திருந்தது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்துவிட்டது என்பதே முறையீடு. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என அப்போது அழைக்கப்பட்ட எங்கள் மாவட்டத்திலும் வேறு சில மாவட்டங்களிலும் இருந்த ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்ய வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் பெறாதவற்றை மூட வேண்டும் என்று உத்தரவு.

பெரிய முதலாளிகள் வழக்கறிஞர்களிடம் ஓடினார்கள். என்னைப் போன்ற கணக்கர்களும், டிரம் ஓட்டுபவர்களும், சுண்ணாம்புக் குழியில் நிற்பவர்களும் எங்கே ஓடுவது? மூத்த மகளுக்குத் திருமணம் பேசி வைத்திருந்தேன். வீட்டின் பேரில் கடன் இருந்தது. பகலில் எவரிடமும் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் தூங்கிய பின் மனைவியிடம் மெல்லிய குரலில் பேசுவேன். "தீர்ப்பு வந்துவிட்டது. இனி நம்மை விடமாட்டார்கள். மூடிவிட்டால் நாம் எல்லாரும் செத்தோம்" என்று ஒருநாள் அல்ல, பல நாட்கள் சொல்லியிருக்கிறேன். பிறகு எழுந்து விடிய விடிய முற்றத்தில் உலாவுவேன்.

பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று நாம் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம்!

பாதியில் நின்ற கதை

1997 ஜனவரியில் ரமலான் பிறை தென்பட்டது. நம் வீடுகளில் பலரும் செய்வதுபோல் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினோம். 'விடாது கருப்பு' அப்போது முடிந்திருக்கவில்லை. கதை பாதியில் நின்றது எங்கள் வீட்டில் மட்டுமே.

முதல் பத்து நோன்புகளுக்குள் மகனிடம் மாற்றம் தெரிந்தது. இரவில் தூங்க மறுத்தான். தூங்கினாலும் என் கைலியின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான். அலறி எழுவான். படுக்கையை நனைத்தான். ஸஹருக்கு எழுப்பப் போனால் விழித்துக்கொண்டே கிடப்பான். "குதிரை போகிறது" என்பான். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. நான் காலையில் வேலைக்குப் புறப்பட்டால் வாசலில் நின்று என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுவான். மாலையில் நான் திரும்பும் வரை தெருமுனையில் நிற்பான். ஓயாமல் பேசிய பிள்ளை ஓரிரு சொற்களுக்கு மேல் பேசாதவன் ஆனான்.

அவன் அஞ்சியது எதற்காக என்பதை இந்த அடையாளங்களே சொல்லின. படித்தவன் என்று பெயர் எடுத்த நான் அவற்றைப் படிக்கவில்லை. "பார்க்கக் கூடாததைப் பார்த்தான், ஜின் தொட்டுவிட்டது" என்றார் என் தாயார். அக்கம்பக்கத்தாரும் தலையசைத்தனர். பெருநாள் முடிந்த மறுவாரம், வெளியூரிலிருந்து வந்து போகும் தாயத்துக்காரர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அன்று நடந்ததை எழுத இன்றும் என் கை கூசுகிறது. அவர் அறையைச் சாத்தச் சொன்னார். மிளகாயைப் புகைத்தார். இருமித் துடித்த பிள்ளையின் தலைமுடியைப் பற்றி, "நீ யார்? எங்கிருந்து வந்தாய்?" என்று அதட்டினார். பிள்ளை பதில் சொல்லவில்லை. இறுதியில் எங்களைப் பார்த்து, "இந்த வீட்டுப் பெரியவன் செய்த பாவம் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டுதான் இது வந்திருக்கிறது" என்று அறிவித்தார். ஒரு தாயத்து, மூன்று வெள்ளிக்கிழமை பரிகாரம், 1,500 ரூபாய். அது என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். கொடுத்தேன்.

அன்றிலிருந்து மூன்று நாட்கள் என் மகன் வாய் திறக்கவேயில்லை.

இங்கிலாந்தில் ஓர் இரவு

அந்த நாட்களில்தான் என் மைத்துனர் வந்தார். அவர் இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் நகரில் தோல் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பெயர். நடந்ததைக் கேட்டவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அங்கே மாணவர் விடுதியில் தாம் கண்ட ஓர் இரவைச் சொன்னார்.

1992 அக்டோபர் 31. பேய்க்கதைகள் பேசி மகிழ்வதற்கென்றே அந்நாட்டார் வைத்திருக்கும் இரவு அது. பி.பி.சி. முதல் அலைவரிசையில் இரவு ஒன்பதரை மணியை ஒட்டி 'கோஸ்ட்வாட்ச்' என்று ஒரு நிகழ்ச்சி. இலண்டனில் நார்த்தோல்ட் பகுதியில் ஒரு தாயும் இரு மகள்களும் வாழும் வீட்டில் பேய் நடமாட்டம் இருக்கிறதாம். அதனை அங்கிருந்தே நேரடியாகக் காட்டுகிறோம் என்ற பாவனை. நிலையத்தில் அமர்ந்து நடத்தியவர் மைக்கேல் பார்க்கின்சன். நாடே மதித்த பேட்டியாளர் அவர். அந்த வீட்டுக்குள் போனவர் சாரா கிரீன். சிறுவர் நிகழ்ச்சிகளில் பிள்ளைகளுக்கு நன்கு பழகிய முகம். தொலைபேசி எண் ஒன்றும் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

உண்மையில் அது முழுக்க முழுக்க நாடகம். ஸ்டீபன் வோக் எழுதி, லெஸ்லி மானிங் இயக்கி, முன்கூட்டியே படமாக்கி வைத்தது. எழுதியவர் பெயரும் தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. ஆயினும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த அந்த இரவில் மிகப் பலர் அதனை மெய்யென்றே நம்பிவிட்டனர். நாடகத்தின் முடிவில் சாரா கிரீன் இருட்டறை ஒன்றில் அகப்பட்டு மறைகிறார். பார்க்கின்சனையே பேய் பிடித்துக்கொள்கிறது. தொலைபேசி இணைப்புகள் திணறின. பிள்ளைகள் அலறினர். மறுநாள் பத்திரிகைகள் பி.பி.சி.யைக் கண்டித்து எழுதித் தள்ளின.

"ஒன்றைக் கவனியுங்கள் மச்சான்" என்றார் மைத்துனர். "அந்த நாடகத்தில் பேயைச் சரியாகக் காட்டவேயில்லை. நிழல்போல் எங்கோ ஒரு கணம் தெரியும், அவ்வளவுதான். பிள்ளைகள் பயந்தது பேயைப் பார்த்து அல்ல. தாங்கள் நம்பிய முகம் பயப்படுவதைப் பார்த்துத்தான் பயந்தார்கள்."

இன்னொன்றும் சொன்னார். அக்கதையில் பேய்க்கு 'பைப்ஸ்' என்று பெயர். ஏன் அப்பெயர்? இரவில் சத்தம் கேட்டு மகள்கள் அஞ்சியபோது, "அது தண்ணீர்க் குழாயின் ஓசை" என்று தாய் சொல்லிச் சமாளித்தாளாம். பிள்ளைகள் அந்தச் சொல்லையே பேயின் பெயராக்கிக்கொண்டார்கள். பெரியவர்கள் மழுப்பிச் சொன்ன சமாதானம் பிள்ளைகளின் மனத்தில் பேயாக வளர்ந்தது என்று கதை எழுதியவர் காட்டியிருக்கிறார்.

"பிள்ளையிடம் யாராவது 'எதற்குப் பயப்படுகிறாய்' என்று கேட்டீர்களா?" என்றார் மைத்துனர். நான் தலை குனிந்தேன். அவனுக்கு என்ன என்று ஊரெல்லாம் கேட்டோம். அவனிடம் மட்டும் கேட்கவில்லை.

இருட்டில் ஒரு கேள்வி

அன்றிரவு கூடத்தில் மற்றவர்களைத் தூங்க வைத்துவிட்டு, அவனை மட்டும் முற்றத்துத் திண்ணைக்கு அழைத்துச் சென்றேன். "குதிரை வருகிறது என்றாயே, யாரைத் தேடி வருகிறது?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு அழுகையினூடே சொன்னான்.

"உங்களைத்தான் அத்தா."

வாசகர்களே, பிள்ளை தனக்காக அஞ்சவில்லை. எனக்காக அஞ்சினான்! சிறிது சிறிதாக முழுக் கதையும் வெளிவந்தது. தவறு செய்தவர்களைத்தான் கருப்பு தேடி வரும். 'உங்கள் அத்தா ஷாப்புத் தண்ணீர்தான் ஆற்றைக் கெடுத்தது' என்று பள்ளியில் உடன் படிக்கும் சிறுவர்கள் சொல்கிறார்கள். 'தீர்ப்பு வந்துவிட்டது, விடமாட்டார்கள், நாம் செத்தோம்' என்று அத்தாவே இரவில் அம்மாவிடம் சொல்கிறார். தூங்காமல் நடக்கிறார். போதாக்குறைக்கு வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவரும், 'வீட்டுப் பெரியவன் செய்த பாவத்தைத் தேடி வந்திருக்கிறது' என்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளை இவற்றையெல்லாம் கூட்டிக் கணக்குப் பார்த்துவிட்டான். தரப்பட்ட எண்களை வைத்துப் பார்த்தால் அவன் கணக்கில் பிழையே இல்லை. பிழையான எண்களைத் தந்தவன் கணக்கராகிய நான்.

நான் அவனிடம் மழுப்பவில்லை. "ஆமாம், தவறு நடந்தது உண்மைதான். நம் ஊர் ஷாப்புகளின் தண்ணீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு குதிரையில் வராது, காகிதத்தில் வரும். பணம் கட்ட வேண்டும், தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை ஷாப்பை மூடி வைக்கலாம். எனக்குச் சில மாதம் சம்பளம் இல்லாமல் போகலாம். 'செத்தோம்' என்றது அதைத்தான். அது நான் பேசிய தவறான பேச்சு" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அவ்வளவுதானா அத்தா?" என்றான்.

ஆறு மாதமாக என்னைத் தூங்கவிடாமல் செய்த சுமை அந்தப் பிள்ளைக்கு 'அவ்வளவுதானா' என்று இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்தும் ஏதோ இறங்கியது.

"ஆனால் குதிரை நிஜமாகவே போகிறதே" என்றான். "எப்போது?" என்றேன். "ஸஹர் நேரத்தில்" என்றான். அந்நேரம் வரை இருவரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம். ஃபஜ்ருக்கு வெகு முன்னர், தெருவின் கோடியிலிருந்து மெல்லிய குளம்பொலி எழுந்தது. எனக்கே ஒரு கணம் உடல் சிலிர்த்தது. ஒலி நெருங்கி வந்தது. விளக்கு ஒன்று ஆடியது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது ஒரு ஜட்கா வண்டி! இரவு ரயிலில் வந்து இறங்கிய பயணிகளை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து திரும்பும் வண்டி. ஜட்கா வண்டிகள் நிறைந்திருந்த ஊர் எங்கள் ஊர். பகலில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன எங்கள் காதுகளுக்கு இரவில் அது விழவேயில்லை. மகன் எழுந்து நின்று அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தான். பிறகு தன் கழுத்திலிருந்த தாயத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

ஹஜ்ரத் அவர்கள் சொன்னது

மறுநாள் தொழுகைக்குப் பின் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஜின்களை அல்லாஹ் படைத்திருக்கிறான் என்று நாம் நம்புகிறோம். அப்பெயரிலேயே குர்ஆனில் 72-ஆம் அத்தியாயம் இருக்கிறது. ஆனால் மறைவானவற்றை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்பதும் நம் நம்பிக்கைதானே? உங்கள் வீட்டில் யார் என்ன பாவம் செய்தார், எது யாரைத் தேடி வந்தது என்ற ஞானத்தை அந்த மனிதருக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டார்.

பின்னர் நாமெல்லாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினார். ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மறைவுக்காகவே சூரியன் ஒளி இழந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். மகனைப் பறிகொடுத்த துயரத்திலும் நபி (ஸல்) அவர்கள் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். "தமக்குப் பெருமை சேர்க்கும் வதந்தியைக்கூட அவர்கள் வளரவிடவில்லை. நாமோ நமக்குத் துன்பம் தரும் வதந்தியைப் பணம் கொடுத்து வாங்குகிறோம்" என்றார் ஹஜ்ரத். "உறங்குமுன் ஃபலக், நாஸ் அத்தியாயங்களைப் பிள்ளையோடு சேர்ந்து ஓதுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் வேலூருக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி" என்று சொல்லி அனுப்பினார்.

டாக்டரிடம் போகும் தேவை எழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சில வாரங்களில் மகன் பழையபடி தூங்கினான். எங்கள் ஷாப் சில மாதங்கள் மூடிக் கிடந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்புக் கிடைத்த பின் திறந்தது. மகள் திருமணம் ஓராண்டு தள்ளி நடந்தது. அவ்வளவுதான்.

கதையின் முடிவு

'கோஸ்ட்வாட்ச்' குறித்துப் பின்னாளில் மேலும் படித்தேன். 1994-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ், அந்நிகழ்ச்சியைப் பார்த்தபின் கடும் மன அதிர்ச்சிக்கு ஆளான பத்து வயதுச் சிறுவர் இருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய குறிப்பை வெளியிட்டது. விபத்திலும் போரிலும் சிக்கியவர்களுக்கு வரும் அதே வகைப் பாதிப்பு, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாலும் வரக்கூடும் என்று அது எச்சரித்தது. 1995-இல் ஒளிபரப்புத் தரங்களைக் கண்காணிக்கும் ஆணையம், அந்நிகழ்ச்சி வேண்டுமென்றே அச்சத்தை வளர்க்க முயன்றது என்று கண்டித்தது. 2002-இல் வீடியோவாக வெளிவரும் வரை பத்தாண்டுகள் அந்நாட்டில் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஆக, படைப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அதனை நான் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் பாதியில் நின்ற கதையின் மீதியை என் மகன் 2020 ஊரடங்கின்போது பார்த்தான். அதற்குள் அவனுக்கு 32 வயது; காலணித் தொழிற்சாலையில் நல்ல பணி; எட்டு வயதில் ஒரு மகள். 'விடாது கருப்பு' முழுவதும் யூடியூபில் கிடைப்பதை அறிந்து, சில இரவுகள் உட்கார்ந்து கடைசி வரை பார்த்திருக்கிறான். ஒருநாள் ஃபஜ்ருக்குப் பின் என்னிடம் வந்தான்.

"முடிவைப் பார்த்துவிட்டேன் அத்தா. கருப்பு என்று ஊரே நம்பியதற்குப் பின்னால் இருந்தது ஒரு மனிதன். மனம் இரண்டாகப் பிளந்துபோன மனிதன். அவனிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் கதையே இல்லை" என்றான்.

"அன்றே முடிவைக் காட்டியிருந்தால் உனக்குப் பயமே வந்திருக்காது போலும்" என்றேன் நான்.

"வந்திருக்கும் அத்தா. நீங்கள் இரவில் நடந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. குதிரைச் சத்தம் அதற்கப்புறம்தான்" என்றான்.

அக்கதையை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10-இல் காலமானார். அச்செய்தியைப் படித்த அன்றுதான் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பெற்றோர்களே! இன்று கூடத்தில் ஒரு பெட்டிக்குத் துணி போட்டு மூடினால் போதாது. பிள்ளையின் கையிலேயே திரை இருக்கிறது. எதைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். பயமூட்டும் கதையைப் பார்க்கத் தொடங்கிவிட்டால், அது கதை என்று சொல்லுங்கள். இயன்றால் முடிவையும் சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்தப்பட்ட பயம் பிள்ளையின் மனத்தில் தானாகவே மீதிக் கதையை எழுதிக்கொள்ளும். தூக்கம் கெட்டால், பேச்சு குறைந்தால், படுக்கை நனைந்தால் அதட்டாதீர்கள்; கழுத்தில் எதையாவது கட்டி அனுப்பாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். கேட்டும் தீராவிட்டால் மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்ளும் முறையை நம் நாட்டில் முன்னோடியாகக் கைக்கொண்ட இடம் அது. அங்கே போவது பைத்தியம் என்று பெயர் வாங்குவதற்கு அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் வந்த கஷ்டத்தைப் பிள்ளையின் வயதுக்கேற்ற சொற்களில் பகலிலேயே சொல்லிவிடுங்கள். இரவில் தாழ்ந்த குரலில் பேசும் பேச்சு அதன் காதில் விழாது என்று நம்பாதீர்கள். நம் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் அஞ்சுகிறார்கள். நம் முகத்தைப் பார்த்துத்தான் தேறுகிறார்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை எல்லா அச்சங்களிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.